தாய் முயல் ஏன் குட்டிகள் பக்கம் போவதில்லை?

வீட்டு முயல் முதன்முறையாகக் குட்டி போட்டால், மறுநாளே ஒரு புலம்பல் கிளம்பும்: "தாய் குட்டிங்க பக்கமே போகலை, பாலே கொடுக்கலை." மதியத்துக்குள் இங்க் ஃபில்லரும் பசும்பாலும் தயாராகிவிடும். பால் மூச்சுக்குழாயில் இறங்கியோ, வயிறு கெட்டோ, நன்றாக இருந்த குட்டிகளும் ஓரிரு நாளில் செத்துப்போகும். பழி தாய் மீது விழும்.

தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். சில முயல்கள் இரண்டு தடவை. அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, மூன்று நான்கு நிமிடங்கள் மட்டும். நாய், பூனை மாதிரி குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்துக் கிடக்காது. நாம் வளர்ப்பது ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்த முயல். அங்கே தாய், குட்டிகளை வளைக்குள் விட்டு வாயிலை மண்ணால் மூடிவிட்டு விலகிப்போய்விடும். அடிக்கடி வந்துபோனால் நரிக்கு மோப்பம் கிடைத்துவிடுமே! நம் வயல்வெளிக் காட்டு முயல் வேறு விலங்கு. அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். (அதைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) வீட்டு முயலின் குட்டியோ முடியில்லாமல், கண்ணும் காதும் மூடிப் பிறக்கிறது. கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாளாகும்.

ஒரு வேளை போதுமா என்றால், போதும். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மூன்று மடங்குக்குக் குறையாது. அந்தச் சில நிமிடங்களில் குட்டி வயிறு முட்டக் குடித்துவிடும்.

பால் குடித்ததா என்று அறியத் தாயைக் கண்காணிக்க வேண்டாம். குட்டியின் வயிற்றைப் பார்த்தால் போதும். காலையில் கையை நன்றாகக் கழுவி, தாயின் முதுகில் ஒரு தடவு தடவிவிட்டு, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். குடித்த குட்டியின் வயிறு உருண்டு விம்மியிருக்கும். மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத குட்டிக்கு வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். உங்களிடம் பழகிய முயல் அப்படிச் செய்யாது.

இரண்டு நாளாக எல்லா வயிறும் ஒட்டியே இருந்தால் தாயைத் தூக்கி, குட்டிகள் இருக்கும் பெட்டிக்குள் மெதுவாக விட்டு, தலையைத் தடவியபடி ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டிகள் தாமே காம்பைத் தேடிக்கொள்ளும். பல தாய்கள் சில நாளில் பழகிவிடும். அதே வாரத்தில் ஈன்ற இன்னொரு முயல் இருந்தால் அதனிடம் சேர்க்கலாம். இரண்டும் நடக்காவிட்டால்தான் புட்டிப்பால், அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு.

சினைக்காலம் 30 முதல் 32 நாள். இனச்சேர்க்கை நடந்த தேதியைக் குறித்துவைத்து, 27ஆம் நாளில் ஈனும் பெட்டியைக் கூண்டில் வையுங்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், முன்பக்கம் தாய் தாண்டும் அளவுக்குத் தாழ்வு. உள்ளே காய்ந்த புல். பழந்துணி, பஞ்சு, நூல் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். ஈனும் நேரம் நெருங்கும்போது தாய் வாய் நிறையப் புல்லைக் கவ்விச் சென்று அடுக்கும். பிறகு தன் வயிற்று முடியையே பிடுங்கி மெத்தை போடும். சினையாகாத முயலும் சில சமயம் இப்படிச் செய்யும். பதினாறு, பதினெட்டாம் நாளிலேயே முடி பிடுங்கினால் அது பொய்ச்சினையாக இருக்கலாம்.

ஈன்று முடித்ததும் இறந்த குட்டியையும் ஈரப்புல்லையும் அகற்றுங்கள். கம்பி வலைமேல் விழுந்த குட்டியைத் தாய் தூக்கிவந்து பெட்டியில் போடாது. முயலுக்கு அந்தப் பழக்கமே இல்லை. சில்லிட்டு அசைவற்றுக் கிடந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் அருகே வைத்தால் பல குட்டிகள் அசையத் தொடங்கும். சூடேறிய பிறகுதான் பால்.

நம் ஊரில் குளிரைவிட எறும்பு பெரிய எதிரி. ஓர் இரவில் குட்டிகளைக் கொன்றுவிடும். கூண்டின் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எலி, பூனைக்கு நெருக்கமான வலை. சித்திரை வெயிலில் குட்டிகள் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தால் மெத்தை முடியில் பாதியை எடுத்துவிடலாம். தாய்க்கு ஈரச்சாக்கு நிழலும் எந்நேரமும் தண்ணீரும் கட்டாயம்.

ஆண் முயலைப் பிரசவத்துக்கு முன்பே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாக முடியும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையைச் சுமப்பது அதன் உடம்பை உருக்கிவிடும்.

தீவனத்தில் பெரிய ரகசியம் இல்லை. காய்ந்த புல், அருகம்புல், வேலிமசால், முயல்மசால், அளவாகப் பெல்லட். கேரட் சினிமா முயலுக்கு. வீட்டு முயலுக்கு எப்போதாவது ஒரு துண்டு. சொறி கண்டால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவ வேண்டாம். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு நஞ்சு. வாய்வழி அமாக்சிசிலினும் குடலைக் கெடுத்துக் கொல்லும்.

மூன்றாவது வாரத்தில் குட்டிகள் பெட்டியைவிட்டு வந்து புல்லைக் கொறிக்கும். அழகாக இருக்கிறதே என்று அப்போதே பிரிப்பதும், சந்தையில் விற்பதும் சகஜம். அப்படி வாங்கிய குட்டிதான் நான்காம் நாள் வயிற்றுப்போக்கில் போய்விடுகிறது. ஆறு முதல் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும். பிரிக்கும்போது தாயை வேறு கூண்டுக்கு மாற்றி, குட்டிகளைப் பழகிய இடத்திலேயே, பழகிய தீவனத்தோடு விடுங்கள். மூன்று மாதத்துக்குள் ஆண், பெண் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். உடன்பிறப்பு என்ற கணக்கெல்லாம் முயலுக்கு இல்லை.