உங்களுக்குத் தெரியுமா? ரிமோட் கார் சார்ஜருக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

1970-இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. பக்கத்திலுள்ள எர்ணாவூர் வீடுகளின் பிளக்கில் வருவது இன்றும் அதே 230 வோல்ட் ஏசிதான். ரிமோட் காரின் இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கோ, முழுச் சார்ஜிலும் 8.4 வோல்ட் டிசிக்கு மேல் ஆகாது. நடுவில் பவர் சப்ளை ஏசியை 12 வோல்ட் டிசியாக்குகிறது. சார்ஜர் அதை அளந்து பேட்டரிக்குக் கொடுக்கிறது. சில மாடல்களில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும்.

5000 எம்ஏஎச் பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றினால் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். 8.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 42 வாட்ஸ். சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், 12 வோல்ட் பவர் சப்ளை 5 ஆம்பியராவது கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது சார்ஜரின் வாட்ஸை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பவர் சப்ளையின் லேபிளையும் படியுங்கள்.

பேட்டரியில் இரண்டு தடித்த ஒயர்களோடு, மூன்று மெல்லிய ஒயர்கள் சேரும் சின்ன வெள்ளை பிளக் ஒன்றும் தொங்கும். அதுதான் பேலன்ஸ் பிளக். அதைச் செருகினால்தான் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் சார்ஜரால் கவனிக்க முடியும். நிக்கல் பேட்டரிக்கான மோடில் லித்தியத்தைப் போடவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

எர்ணாவூரின் உப்புக் காற்றில் பிளக் முனைகள் பச்சை பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த இடம்தான் முதலில் சூடேறும். உப்பிய பேட்டரியை எந்தச் சார்ஜரிலும் போடாதீர்கள்.