பாறையில் அடிபட்ட ஜீப்: கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றுவது எப்படி? – ஒரு விளக்கம்

பங்காருபேட்டை: கோலார் தங்கவயலையும் பங்காருபேட்டையையும் சுற்றியுள்ள நிலம் கருங்கல் குன்றுகளும் மழைநீர் அரித்த மண்தடங்களும் நிறைந்தது. இத்தகைய பாதைகளில் நான்கு சக்கர இயக்க வாகனங்களை ஓட்டுவோர் பலர், சக்கரமும் முன்பக்கமும் பாறையைத் தாண்டிவிட்டால் போதும் என எண்ணுகின்றனர். ஆனால் அடி விழுவது பெரும்பாலும் வாகனத்தின் நடுவயிற்றில்தான். அங்கே முதலில் சேதமடையும் பாகங்களுள் ஒன்று, கியர்பாக்ஸைத் தாங்கி நிற்கும் குறுக்குச் சட்டம். பணிமனைகளில் இதனை 'கிராஸ் மெம்பர்' என்பர்.

கியர்பாக்ஸுடன் ஒப்பிட்டால் இது எளிய பாகம், கழற்றி மாட்டக்கூடியது. எனினும் இதன் வளைவைக் கவனியாமல் விட்டால் கியர்பாக்ஸ் உறை வரை சேதம் பரவக்கூடும். முறையான தாங்கலின்றி இதனைக் கழற்ற முயன்றாலோ அடியில் படுத்திருப்பவரின் உயிருக்கே ஆபத்து. எனவே இதன் பணி என்ன, சேதத்தை எவ்வாறு கண்டறிவது, மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டியவை எவை என்பதைக் காண்போம்.

குறுக்குச் சட்டம் என்பது என்ன?

மஹிந்திரா தார், பொலிரோ, மாருதி ஜிப்சி, ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற வாகனங்கள் ஏணி வடிவச் சட்டகத்தின் மீது கட்டப்பட்டவை. ஏணியின் இரு நெடுங்கால்களைப் போல முன்னிருந்து பின்வரை இரண்டு எஃகுத் தண்டவாளங்கள் செல்கின்றன. அவற்றை இணைக்கும் படிகளைப் போன்றவையே குறுக்குச் சட்டங்கள். அவற்றுள் பெரும்பாலானவை நிலையாகப் பற்றவைக்கப்பட்டவை. கியர்பாக்ஸுக்குக் கீழே உள்ளது மட்டும், தேவைப்படும்போது கியர்பாக்ஸை இறக்குவதற்கு வசதியாகப் பொதுவாகப் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும்.

இத்தகைய வாகனங்களில் இயந்திரமும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாக இணைந்து, வழக்கமாக மூன்று இடங்களில் அமர்கின்றன. முன்புறம் இயந்திரத்தின் இருபக்கமும் இரண்டு ரப்பர் மவுண்டிங்குகள். பின்புறம் கியர்பாக்ஸின் வால்பகுதியில் ஒன்று. பின்புற மவுண்டிங் அமர்வது இந்தக் குறுக்குச் சட்டத்தின் மீதுதான். எடையைத் தாங்குவதுடன், கிளட்சை விடும்போது ஏற்படும் முறுக்கு விசையையும் அது தாங்குகிறது. சட்டகத்தின் இரு தண்டவாளங்களும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது.

அமைப்பு வாகனத்துக்கு வாகனம் மாறுபடும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து, தனக்கென உள்ள மவுண்டிங்குகளில் சட்டகத்தின் மீது அமர்கிறது. தாரில் அது கியர்பாக்ஸுடனேயே இணைக்கப்பட்டுள்ளது. 1997 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட டி.ஜே. வகை ஜீப் ராங்ளரில், அடிப்பாதுகாப்புத் தகடே குறுக்குச் சட்டமாகவும் செயல்படுகிறது. அங்கே பாறையில் விழும் ஒவ்வோர் அடியும் நேராகக் கியர்பாக்ஸின் தாங்கலைச் சென்றடையும்.

நடுவயிறு ஏன் அடிபடுகிறது?

முன்சக்கரம் ஒரு மேட்டைத் தாண்டி இறங்கி, பின்சக்கரம் இன்னும் ஏறாத நிலையில், மேட்டின் உச்சி வாகனத்தின் நடுப்பகுதியைத் தொடும். தொடாமல் கடக்கக்கூடிய மேட்டின் அளவை 'ரேம்ப் பிரேக்ஓவர்' கோணம் குறிக்கிறது. தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி கூடினால் இக்கோணம் கூடும். முன்பின் சக்கரங்களுக்கிடையிலான தூரம் நீண்டால் குறையும்.

சுசூகி ஜிம்னி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மூன்று கதவு ஜிம்னியின் சக்கர இடைத்தூரம் 2,250 மி.மீ.; அதன் பிரேக்ஓவர் கோணம் 28 பாகை. இந்தியாவில் 2023-இல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் இடைத்தூரம் 2,590 மி.மீ. ஆக நீண்டபோது, கோணம் 24 பாகையாகக் குறைந்தது. அதே பாறையை ஒன்று தொடாமல் கடக்கும், மற்றொன்று உரசும்.

சேதத்தின் அறிகுறிகள்

கிளட்சை விடும்போது அடியிலிருந்து 'டொக்' என்ற ஓசை, வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் கியர் கம்பி தானாக முன்பின் நகர்தல், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தோன்றும் அதிர்வு, கியர் நழுவி நியூட்ரலுக்கு வருதல், கியர்பாக்ஸின் வால்பகுதியில் எண்ணெய்க் கசிவு ஆகியவை முதன்மையான அறிகுறிகள். ரப்பர் மவுண்டிங் மட்டும் கிழிந்திருந்தாலும் இவற்றுள் சில தோன்றும் என்பதால், கண்ணால் பார்த்து உறுதி செய்வது அவசியம்.

குறுக்குச் சட்டத்தில் பெயின்ட் உரிந்து பளிச்சிடும் கீறல், பற்றவைப்பு ஓரங்களில் மயிரிழை போன்ற விரிசல், நீள்வட்டமாக இழுபட்ட போல்ட் துளைகள், தகட்டிலிருந்து பிரிந்த ரப்பர் ஆகியவற்றைத் தேட வேண்டும். சட்டத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும்.

அடி பலமாக இருந்திருந்தால் தண்டவாளங்களையும் சோதிக்க வேண்டும். சமதளத் தரையில் வாகனத்தை நிறுத்தி, இரு தண்டவாளங்களிலும் ஒத்த நான்கு துளைகளிலிருந்து கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளியிட்டு, மூலைவிட்டங்களை அளக்கலாம். இரு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையெனில் சட்டகமே கோணலாகியிருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் புதிய குறுக்குச் சட்டம் மட்டும் தீர்வாகாது. சட்டகத்தை நேராக்கும் வசதியுள்ள பணிமனையை நாட வேண்டும்.

நிமிர்த்தலாமா, பற்றவைக்கலாமா?

வளைந்த எஃகைச் சம்மட்டியால் அடித்தோ சூடேற்றியோ நிமிர்த்துவது பழைய வழக்கம். ஆனால் வளைந்து நிமிர்ந்த இடம் ஏற்கெனவே இழுபட்ட இடமாகும். அடுத்த அடியில் அங்கேயே விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். உயர்வலிமை எஃகாக இருந்தால், சூடேறிய பகுதி தன் மூல வலிமையை இழக்கவும் கூடும். துளைகளின் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலும் போல்ட்டுகள் நேராக இறங்கா. எனவே விரிசல் விட்ட சட்டத்தைப் பற்றவைத்து ஓட்டுவதை, காட்டுப்பாதையிலிருந்து வீடு திரும்பும் வரையிலான ஏற்பாடாக மட்டுமே கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

முதலில் பாதுகாப்பு. வாகனம் கெட்டியான சமதளத்தில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, புகைக்குழாய் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். வாகனத்தை உயர்த்தினால், அதன் எடை தண்டவாளங்களின் கீழ் வைத்த இரும்பு ஸ்டாண்டுகளின் மீது அமர வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்வது கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுமையில் திடீரென நொறுங்கக்கூடியவை. அவற்றை ஒருபோதும் முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, கியர்பாக்ஸுக்குத் தனித் தாங்கல். இரண்டாவது ஜாக்கியின் மீது மரப்பலகை வைத்து, கியர்பாக்ஸ் உறையின் உறுதியான பகுதியில் எடை பரவுமாறு முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த உறை பெரும்பாலும் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. கூரான முனை பட்டால் விரிசல் விடும். மெல்லிய தகட்டாலான எண்ணெய்த் தொட்டியின் மீது எடையை ஏற்றக் கூடாது. ஜாக்கி எடையை வாங்கினால் போதும். மேலே தூக்க வேண்டியதில்லை.

குறுக்குச் சட்டம் விலகியதும் கியர்பாக்ஸின் வால் சற்றுத் தாழும். இயந்திரம் முன் மவுண்டிங்குகளின் மீது பின்னோக்கிச் சாயும். அப்போது ரேடியேட்டர் விசிறி தன் உறையில் இடிக்கிறதா, ரேடியேட்டர் குழாய், கிளட்ச் குழாய், மின்கம்பிகள் இழுபடுகின்றனவா என்பதைப் பார்த்துக்கொண்டே பணியைத் தொடர வேண்டும்.

போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாளே தெளித்துவிடுவது நல்லது. பல வாகனங்களில் நட்டுகள் தண்டவாளத்தின் உட்புறம் பதிக்கப்பட்டிருக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் நட்டே பிடி விட்டுச் சுழலத் தொடங்கும். பிறகு தண்டவாளத்தை அறுக்காமல் அதனைச் சரிசெய்வது கடினம். முதலில் அடிப்பாதுகாப்புத் தகடு, புகைக்குழாய்த் தாங்கி, அடுத்து மவுண்டிங்கின் நட்டுகள், கடைசியாகவே தண்டவாளப் போல்ட்டுகள் என்பது வரிசை.

சட்டம் விலகியபின் தெரியும் துளைகளைக் கம்பித் தூரிகையால் துடைத்து விரிசல் உள்ளதா எனப் பார்த்து, துருத்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். புதிய சட்டத்தைப் பழையதன் அருகில் வைத்து நீளம், துளை இடைவெளி, மவுண்டிங் அமரும் உயரம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ரப்பர் மவுண்டிங்கையும் உடன் மாற்றிவிடுவதே சிக்கனம். மறுபடி அதே வேலையைச் செய்ய நேராது.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் தளர்வாக ஏற்றி, கியர்பாக்ஸை மெல்ல இறக்கி, மவுண்டிங் முறுக்கின்றி அமர்ந்த பின்னரே இறுக்க வேண்டும். இறுக்கும் அளவை அந்த வாகனத்தின் சேவைக் கையேட்டில் பார்த்து, டார்க் ஸ்பானரால் இறுக்குவதே முறை.

போல்ட்டின் தலையில் உள்ள எண்

கடையில் கிடைக்கும் எல்லாப் போல்ட்டுகளும் ஒன்றல்ல. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எண் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்பதைக் காட்டுகிறது. அந்த வலிமையின் 80 விழுக்காடு வரை, அதாவது 640 நியூட்டன் வரை, போல்ட் நிரந்தரமாக நீளாது என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. 4.6 எனக் குறிக்கப்பட்ட சாதாரணப் போல்ட்டில் இவ்வெல்லை 240 நியூட்டன் மட்டுமே. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைவிடக் குறைந்த தரத்தை மாட்டக் கூடாது.

உயரம் மாறினால் அதிர்வு

சிலர் மவுண்டிங்கின் அடியில் கூடுதல் வாஷர்களை அடுக்கி உயரத்தைச் சரிக்கட்டுவர். இதனால் சுழல்தண்டின் கோணம் மாறுகிறது. தண்டின் இரு முனைகளிலும் உள்ள சிலுவை வடிவ இணைப்புகள், சாய்வாகச் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்யும். இல்லையெனில் அதிர்வாக வெளிப்படும். முன், பின் மவுண்டிங்குகளுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி எனக் கொண்டால், பின்புறம் 10 மி.மீ. தாழ்வது சாய்வை ஏறக்குறைய 0.6 பாகை மாற்றிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பும் இதனை உறுதி செய்தது. சேதமடைந்த சட்டத்துக்குப் பதிலாக அதே மாதிரிக்கான பாகத்தைப் பொருத்துவது பழுதுபார்ப்பு மட்டுமே. தண்டவாளத்தை அறுப்பதும், வாகனத்தை உயர்த்துவதற்காகச் சட்டகத்தின் அமைப்பை மாற்றுவதும் வேறு. தண்டவாளத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணின் மீது எவ்வித அரைப்பும் பற்றவைப்பும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வாகனம் வாங்குவோருக்கு

ஜிப்சியின் பொது விற்பனை நின்றுவிட்டதால், இன்று சந்தையில் கிடைப்பவை அனைத்தும் பயன்படுத்தியவையே. அத்தகைய வாகனத்தை வாங்குவோர் மேற்பூச்சையும் சக்கரங்களையும் பார்ப்பதுடன், கைவிளக்குடன் அடியில் குனிந்து இந்தக் குறுக்குச் சட்டத்தைப் பார்ப்பது நல்லது. புதிய கறுப்புப் பெயின்ட்டின் கீழ் பற்றவைத்த தடம், ஒன்றுக்கொன்று பொருந்தாத போல்ட் தலைகள், அடுக்கிய வாஷர்கள் ஆகியவை தென்பட்டால் வாகனம் முன்பு பலமாக அடிபட்டிருக்கக்கூடும். விலை பேசுவதற்கு முன் சட்டகத்தின் மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லலாம்.

மாற்றிய பின் முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும், பாறைப்பாதையில் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை ஒருமுறை பார்வையிடுவது அவசியமாகும்.