பேயின் அடுக்களை

பழனிமலைத் தொடரில், கோடைக்கானல் தூண்பாறைக்கு அருகே ஆழ்ந்த பாறைப் பிளவுகள் உள்ளன. வெள்ளையர் அவ்விடத்தைப் 'பேயின் அடுக்களை' என்றனர். 1991இல் வெளிவந்த 'குணா' திரைப்படத்துக்குப் பின் அது குணா குகையாயிற்று. சாபம் பிடித்த இடம், சென்றவரைப் பேய் விழுங்கிவிடும் என்பது மக்கள் பேச்சு. அது மெய்யோ என்று என்னிடம் கேட்ட மாணவர் பலர்.

பேய் சமைக்கும் புகை எது? பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகிப் பாறை இடுக்குகளில் தவழ்கிறது. அந்த மூடுபனியே புகை. விழுங்கும் வாய் எது? பாறை பிளந்த வெடிப்பு. வேர்களும் சருகுகளும் அதன் விளிம்பை மறைக்கின்றன. ஈரத்தில் கால் வழுக்குகிறது.

2006இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞருள் ஒருவர் அதில் வீழ்ந்தார். சாபமென்று உடன்வந்தோர் கைவிட்டிருந்தால் மாண்டிருப்பார். நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அந்நிகழ்ச்சி 2024இல் மலையாளத் திரைப்படமாயிற்று.

பேய் இல்லை என்று தெரிந்ததும், சிலர் வேலியைத் தாண்டத் துணிகின்றனர். அதனை அறிவென்று நான் கொள்ளேன். பேயை ஓட்ட மந்திரம் உண்டென்பர். பள்ளத்துக்கு மந்திரம் இல்லை. ஆகவே, அஞ்சாது செல்லுங்கள். வேலிக்கு இப்பால் நின்று காணுங்கள்.