மெட்ராஸில் கரையேறிய சீனப் போர்க்கைதிகள்

எந்தப் படைப்பிரிவு, தளபதி யார் என்று பிடிபட்டவனைத் துருவுவது எல்லாப் போரிலும் உண்டு. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவற்றுக்கு மேல் அவன் வாய் திறக்க வேண்டியதில்லை என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம்.

கொரியப் போர் ஓய்ந்ததும் கேள்வியே மாறிவிட்டது: ஊருக்குப் போகிறாயா, இல்லையா? போக மறுத்த 14,704 சீனரையும் 7,900 கொரியரையும் 1953 செப்டம்பரில் ஐ.நா. படை இந்தியக் காவலில் ஒப்படைத்தது. இவர்களின் விருப்பத்தை அறிய அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா.

கூடாரத்துக்குள் கைதியை உட்காரவைத்து, அவன் நாட்டு அதிகாரிகள் திரும்பி வரும்படி பேசுவார்கள். வெளியேற இரண்டு வழிகள்: ஒன்று தாய்நாட்டுக்கு, மற்றது பழைய முகாமுக்கே. பலர் காது கொடுக்காமல் கூச்சல் போட்டார்கள். இந்திய வீரர்கள் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. முகாமுக்குள் சக கைதிகளின் மிரட்டலும் இருந்ததால், அந்தப் பதில்களில் எத்தனை சொந்த விருப்பம் என்பது சந்தேகம்தான்.

இரு தரப்பும் வேண்டாம் என்ற 88 பேர், அவர்களில் 12 பேர் சீனர், இந்தியப் படையோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து டெல்லிக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள்; சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.