இனி சம்பளம் இல்லை, பில்!

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவரோ, அண்ணன் தம்பியோ, மகனோ உள்ள சகோதரிகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது நாளை உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

என் கணவர் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் 21 வருடம் வேலை பார்த்தவர். 2023 ஆகஸ்டில் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடுங்க. அடுத்த மாசத்திலிருந்து இதே வேலைக்கு கன்சல்டன்ட்டா வாங்க. மாசம் 55 ஆயிரம் தர்றோம்" என்றார்களாம். அதுவரை அவருடைய மொத்தச் சம்பளம் 48 ஆயிரம். ஏழாயிரம் கூடுதல் என்றதும் வீட்டில் ஒரே சந்தோஷம். கொழுந்தனார் அல்வா பொட்டலத்தோடு வந்துவிட்டார். அத்தை மட்டும் (நாங்கள் திருநெல்வேலிப் பக்கம்), "சம்பளத்தக் கூட்டித் தாரதுக்கு எதுக்குல ராசினாமா கேக்காக?" என்றார். பள்ளிக்கூடம் போகாத மனுஷி. எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அவருக்குத்தான் தோன்றியது!

வீட்டு வரவு செலவு எழுதுகிறவள் நான். அன்று ராத்திரி இவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 30 ஆயிரம். அதில் 12 சதவீதம், அதாவது 3,600 ரூபாய், பி.எப்.புக்கு இவரிடம் பிடிப்பார்கள். அதே 3,600-ஐ கம்பெனியும் தன் பங்காகக் கட்டும். கன்சல்டன்ட் ஆகிவிட்டால் கம்பெனி பங்கு நின்றுவிடும். அடுத்து கிராஜுவிட்டி. ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். வருடத்துக்கு 17,307 ரூபாய் வருகிறது. மாதத்துக்குப் பிரித்தால் 1,440. தீபாவளிக்குத் தரும் 20 ஆயிரத்தைப் பிரித்தால் மாதம் 1,660. எங்கள் நாலு பேருக்கும் கம்பெனி எடுத்திருந்த மெடிக்கல் இன்சூரன்ஸை நாமே எடுத்தால் வருடத்துக்கு 32 ஆயிரம் ஆகும் என்றார் ஏஜென்ட். அது மாதம் 2,660.

லீவை யாரும் பணமாக நினைப்பதில்லை. இவருக்கு வருடத்தில் 24 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. கன்சல்டன்ட்டுக்கு வந்த நாளுக்குத்தான் காசு. 55 ஆயிரத்தை 26 நாளால் வகுத்து, 24 நாளுக்குப் பார்த்தால் வருடத்தில் 50 ஆயிரம் போய்விடுகிறது. மாதத்துக்கு 4,200 ரூபாய்!

எல்லாவற்றையும் கூட்டினேன். 13,500 ரூபாய் சொச்சம். 48 ஆயிரத்தோடு சேர்த்தால் 61,500. அவ்வளவு கொடுத்தால்தான் பழைய சம்பளத்துக்கே சமம். கம்பெனிக்காரர்கள் ஏழாயிரம் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள்; கணக்கோ ஆறாயிரத்து ஐந்நூறு குறைகிறது என்றது.

நான் சொன்னதும் இவருக்குக் கோபம். "இப்படியெல்லாம் கணக்குப் பேசினா, உள்ளதும் போயிரும் புள்ள. எனக்கு 49 வயசு. இனிமே எவன் வேலை தருவான்?" என்றார். அவர் பயத்தைக் குறை சொல்ல முடியாது. மகள் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஆனாலும் நான் விடவில்லை. "ஏங்க, மாட்டேன்னு சொல்ல வேண்டாம். 65 ஆயிரம்னு கேட்டுப் பாருங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் தானாகவே விலகியதாகத்தானே எழுத்தில் இருக்கும்? அதன் பிறகு பேரம் பேச நம் கையில் என்ன மிச்சம்?

இழுபறிக்குப் பின் 60 ஆயிரத்தில் நின்றது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய மூன்று விஷயங்கள்: பில் கொடுத்த 15 நாளில் பணம், நிறுத்துவதானால் 60 நாள் முன்கூட்டித் தகவல், வெளி வேலை பார்க்கத் தடையில்லை. முதலில் தந்த தாளில் இந்த மூன்றும் இல்லை. 21 வருடத்துக்கான கிராஜுவிட்டி 3,63,461 ரூபாயும் கைக்கு வந்தது. 30 நாளில் தர வேண்டும் என்பது சட்டம். ஞாபகப்படுத்திக் கடிதம் எழுதிய பிறகே தந்தார்கள்.

பி.எப். பணத்தை எடுத்து ஊரில் மனை வாங்கலாம் என்று கொழுந்தனார் யோசனை சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கணக்கில் விட்டு வைத்தாலும் 58 வயது வரை வட்டி ஏறும். பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் 58-ல் மாதாந்திர பென்ஷனும் உண்டு. இன்னொன்று பல பேருக்குத் தெரியாது. பி.எப். கட்டும் வேலையில் இருக்கும்போது ஒருவர் தவறிவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். வேலையை விட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதனால் முதல் பில் பணம் வந்ததும் டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்க வைத்தேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி வருமான வரி. மாதாமாதம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 54 ஆயிரம்தான் கொடுத்தார்கள். ஆறாயிரம் போச்சே என்று பதறினோம். ஆடிட்டர் சிரித்தார். தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில், வந்த தொகையில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று சட்டத்தில் வழி இருக்கிறதாம். அப்படிப் பார்த்தால் 7 லட்சத்து 20 ஆயிரத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம்தான் வருமானம். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. ரிட்டர்ன் போட்டு, பிடித்த பணம் முழுவதையும் திரும்ப வாங்கினோம். ஆனால் மறு வருடம்தான் வந்தது. அதுவரை வீட்டுச் செலவுக்கு இல்லாத பணம்தானே அது!

சம்பளக் காலத்தில் 30-ம் தேதி என்றால் 30-ம் தேதி பணம் வந்துவிடும். பால்காரர், மளிகைக் கடை, சீட்டு எல்லாம் அதை நம்பித்தான். டிசம்பர் மாத பில்லுக்கு 52 நாள் கழித்துத்தான் பணம் வந்தது. ஒப்பந்தத்தில் 15 நாள் என்று எழுதியிருந்தும் இந்தக் கதி. பிறகு, மத்திய அரசின் 'உத்யம்' பதிவு பற்றிக் கேள்விப்பட்டு, மகளை விட்டு கம்ப்யூட்டரில் பதியச் சொன்னேன். பைசா செலவில்லை. அப்படிப் பதிந்த சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும் என்று 2006-ல் வந்த சட்டம் சொல்கிறது. பில்லின் மேலே அந்தப் பதிவு எண்ணை அச்சடித்துக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு பில்லும் 45 நாளைத் தாண்டவில்லை.

இவர் தலையிலிருந்து நின்றுபோன பி.எப்.புக்குப் பதிலாக, தபால் ஆபீசில் பி.பி.எப். கணக்கு ஆரம்பித்து மாதம் 7,200 கட்டுகிறோம். 5-ம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்துக்கு வட்டி; மறந்துவிடாதீர்கள்.

பணக் கணக்கை எப்படியோ சரிக்கட்டிவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் கணக்குப் போடத் தெரியவில்லை. 21 வருடமாக நுழைந்த அதே கேட்டில், இவர் இப்போது தினமும் விசிட்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். அதே நாற்காலி, அதே வேலை, அதே மேனேஜர். கழுத்தில் போடும் அட்டை மட்டும் வேறு நிறம். முதல் நாள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது.

என் அம்மா ஊரில் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர். கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை. இலையும் தூளும் வாங்கி வந்து வீட்டில் சுற்றினாலும் அவருக்கு பி.எப். கணக்கு இருந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் பி.எப். உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கும் முன்னால், உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிய தையல்காரர்களையும் அந்தக் கடையின் தொழிலாளர்கள்தான் என்று 1973-ல் சொன்னது. எந்தப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதைவிட, வேலை யாருடைய கண்காணிப்பில், யாருடைய இயந்திரத்தில் நடக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்களாம். அம்மாவுக்கு இப்போதும் மாதம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் வருகிறது. டிப்ளமோ படித்த மருமகனுக்கு இல்லாமல் போனதைக் கேட்டு, "படிச்சவுகளுக்கா இப்படி?" என்று அவருக்கு ஆச்சரியம்.

கோர்ட்டுக்குப் போ என்று நான் இவரைச் சொல்லவில்லை. போகிற தெம்பும் எங்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் தடை இல்லாததால் சனிக்கிழமைகளில் கணபதியில் உள்ள இரண்டு சின்னப் பட்டறைகளுக்குப் போய் உதிரி பாகங்களைப் பரிசோதித்துக் கொடுக்கிறார். அங்கே இவரை 'சார்' என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வாங்கித் தருகிறார்களாம். வரும் செப்டம்பரில் கம்பெனி ஒப்பந்தத்தை மறுபடி புதுப்பிக்க வேண்டும். விலைவாசியைக் காட்டி 68 ஆயிரம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை "கேக்கத்தான் போறேன்" என்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.