அணைய மறுக்கும் கணிப்பொறி

தாம்பரத்திற்கு மேற்கே, படப்பை செல்லும் சாலையிலிருந்து சிறிது உள்ளடங்கிய கிராமச் சங்கம் ஒன்றிற்குச் சென்ற ஐப்பசி மாதத்தில் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். நெல்லும் காய்கறியும் பயிரிடும் குடியானவர்களே அதன் அங்கத்தினரில் பெரும்பாலோர். ரொக்கப் பெட்டியைத் திறந்து எண்ணியபோது, கணக்கில் கண்ட இருப்பைக் காட்டிலும் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் கூடுதலாக இருந்தது.

குறைவு கண்டால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கூடுதல் கண்டால்தான் எம்மைப் போன்றோருக்கு ஐயம் மிகுதியாகும். யாரிடமோ பணத்தை வாங்கிக்கொண்டு வரவு வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். எழுத்தர் முகம் வெளுத்து நின்றார். அந்த நேரத்தில் முதியவர் ஒருவர் ரசீதை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பயிர்க்கடனில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் தாம் தவணைக்குள்ளாகச் செலுத்தியிருக்க, பாக்கி என்று தமக்குத் தகவல் வந்ததேன் என்பது அவரது கேள்வி. தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகையால் அது வெறும் எழுத்துப் பிழை பற்றிய கேள்வி அல்ல.

ரசீது மெய்யானது, அடிக்கட்டையும் இருந்தது. கணிப்பொறியில் மட்டும் அந்த வரவு இல்லை. ரசீதுப் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், அதே வாரத்தைச் சேர்ந்த நான்கு ரசீதுகள் விடுபட்டிருந்தன. அவற்றின் கூட்டுத்தொகை பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது.

"ஐயா, அந்த வியாழக்கிழமை இரவு கணக்குக் கோப்பு கெட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பிரதியைப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வரவை நானே மறுபடி ஏற்றினேன். அதில் இந்த நான்கும் தவறியிருக்க வேண்டும்" என்றார் எழுத்தர். கோப்பு ஏன் கெட்டது என்று வினவினோம். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "இந்தப் பொறி ஒருநாளும் தானாக அணைந்ததில்லை ஐயா. அணைக்கச் சொன்னால் திரையில் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைமணி காத்தாலும் அப்படியே. தாம்பரம் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. அதனால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் போவேன்."

இதில் எழுத்தரை மட்டும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பழுது பார்க்க வந்தவரிடம் அவர் இருமுறை சொல்லியிருக்கிறார். பழைய பொறி, அப்படித்தான் இருக்கும் என்று பதில் கிடைத்திருக்கிறது. ஒருகால் மின்விளக்கைப் போலவே இதையும் சுவிட்சினால் அணைக்கலாம் என்று நினைப்பவர் நம்மில் அநேகர். ஆதியில் அவ்வாறுதான் இருந்தது. விண்டோஸ் 95 காலத்துப் பல பொறிகள் வேலையை முடித்துக்கொண்டு, இனி அணைக்கலாம் என்று திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில் காட்டி நிற்கும்; நாம்தான் பொத்தானை அழுத்த வேண்டும். 1995இல் ஏடிஎக்ஸ் என்னும் அமைப்பும், 1996 இறுதியில் ஏசிபிஐ என்னும் விதித்தொகுப்பும் வந்தபின், மின்சாரத்தை நிறுத்தும் பொறுப்பையும் பொறியே ஏற்றுக்கொண்டது.

அணைக்கும் கட்டளை கிடைத்ததும் உள்ளே நடப்பது இதுதான். முதலில் திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லப்படுகிறது. அடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் பணிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. வட்டில் எழுத வேண்டியவை சில, வேகத்தின் பொருட்டு நினைவகத்திலேயே தேங்கி நிற்கும். அவை யாவும் வட்டில் இறக்கப்படுகின்றன. எல்லாம் ஆனபின்பே மின்பெட்டிக்கு நிறுத்தும் குறிப்புச் செல்கிறது. இந்த வரிசையில் எவரேனும் ஒருவர் "இன்னும் முடியவில்லை" என்று நின்றுவிட்டால் பின்னாலுள்ள அனைவரும் காத்து நிற்க வேண்டியதுதான். அப்பொழுது மின்சாரத்தைப் பிடுங்குவது, நாடா பாவுக்குள் பாதி வழியில் இருக்கும்போது கத்தரியை எடுப்பதற்கு ஒப்பாகும். பத்து நாள் ஒன்றும் ஆகாது. பதினோராம் நாள், கோப்பில் ஒரு வரவு பாதி எழுதப்பட்டிருக்கும் நொடியில் கை சுவிட்சின்மேல் விழும்.

எழுத்தரின் கூற்றை நாம் அப்படியே ஏற்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கணிப்பொறி தனக்கென ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. ஈவெண்ட் வியூவர் என்று தேடினால் அது திறக்கும். அதில் 'சிஸ்டம்' என்ற பகுதியில் 6006 என்னும் எண் ஒழுங்காக மூடப்பட்டதைக் குறிக்கும். 6008 என்பது முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது என்பதைக் குறிக்கும். அதனுடன் 41 என்னும் எண்ணும் வழக்கமாகக் காணப்படும். அம்மாதத்தின் ஏறக்குறைய எல்லா வேலைநாள் காலையிலும் 6008 பதிவாகியிருந்தது. குறிப்பிட்ட அந்த வெள்ளிக்கிழமையும் அவற்றுள் ஒன்று. அடிக்கட்டை, ரொக்கம், பொறியின் நாட்குறிப்பு ஆகிய மூன்றும் ஒரே சாட்சியைச் சொல்லின. எழுத்தர் அதன்பிறகே உட்கார்ந்தார்.

இனி, வரிசையில் நின்று தடுப்பவர் யார் என்று காண வேண்டும். அதற்கு எளிய வழி, தேவையற்ற இணைப்புகளைக் கழற்றிப் பார்ப்பது. விசைப்பலகையையும் மௌஸையும் விட்டு மற்றவற்றை நீக்கி அணைக்கச் சொன்னோம். அரை நிமிடத்திற்குள் அணைந்தது. பின்னர் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தோம். பாஸ்புத்தகம் அச்சிடும் இயந்திரத்தைப் பொருத்தியதும் வளையம் மறுபடியும் சுழலத் தொடங்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில், எழுத்தர் மாலையில் முதலில் அச்சு இயந்திரத்தை அணைத்துவிட்டே கணிப்பொறிக்கு வருவாராம். அச்சாகாமல் நின்ற பாஸ்புத்தகப் பக்கம் ஒன்று வரிசையில் கிடக்க, அதன் நிரல் மறுமொழி வராத இயந்திரத்தை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு அதன் டிரைவர் விண்டோஸ் 7 காலத்தது. பொறியிலோ விண்டோஸ் 10. வரிசையைக் காலி செய்து, பழைய டிரைவரை நீக்கி, தயாரிப்பாளர் வெளியிட்ட பொருத்தமானதை ஏற்றினோம். அச்சு இயந்திரம் கடைசியாகத்தான் அணைய வேண்டும் என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டினோம்.

எல்லாச் சங்கங்களிலும் நோய் இதுவாகவே இராது. தாம்பரம் கடைத்தெருவை அடுத்த நெசவாளர் விற்பனை நிலையம் ஒன்றில் பொறி நாள்தோறும் அணைந்தது. ஆனாலும் வரவர மந்தமாகி, ஒரு கட்டத்தில் அணையவும் மறுத்தது. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்தால் பொறி எவ்வளவு காலமாக விழித்திருக்கிறது என்பது தெரியும். மாலைதோறும் அணைக்கப்பட்ட அந்தப் பொறி முப்பத்தெட்டு நாள் என்று காட்டிற்று! 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உண்டு. அது இருக்கும்போது 'ஷட் டவுன்' என்றால் முழு நிறுத்தம் அல்ல. அமைப்பின் மூலப்பகுதி அப்படியே வட்டில் பிரதி எடுத்து வைக்கப்பட்டு, மறுநாள் அதுவே எழுப்பப்படுகிறது. நேற்றைய கோளாறும் கூடவே எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். அல்லது 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுக்கலாம். வசதியை நிரந்தரமாக விலக்க விரும்புவோர், கண்ட்ரோல் பானலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அதன் அடையாளத்தை எடுத்துவிடலாம். காலையில் சில நொடி கூடுதலாகும். சங்க அலுவலகத்திற்கு அது ஒரு பொருட்டல்ல என்பது நம் அபிப்பிராயம்.

அணைந்த பொறி தானே மறுபடி எழுந்தால், மௌஸோ வலைப்பின்னல் அட்டையோ எழுப்புவதற்கு அனுமதி பெற்றிருக்கக் கூடும். டிவைஸ் மேனேஜரில் அவ்வனுமதியை ரத்து செய்யலாம். புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரை சொன்னால் காத்திருப்பதே முறை.

பழைய பதிப்பில் காலந்தள்ளுவோர் வேறொரு சம்பவத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அடுத்த மாதமே பல நாடுகளில் அப்பதிப்பை உபயோகித்தவர்கள், தங்கள் பொறியை அணைக்கத் தங்களுக்கே அனுமதி இல்லை என்ற அறிவிப்பைக் கண்டு திகைத்தார்கள். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நாம் கண்ட சங்கத்துப் பொறியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. மாற்றுவதற்கான தீர்மானத்தை நிர்வாகக் குழுவின் முன் வைக்கச் சொல்லியிருக்கிறோம். தொடக்க வேளாண்மைச் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை ஏற்றது. கணக்கு வெளியிலுள்ள பொதுச் சேமிப்பில் இருக்கும் சங்கங்களுக்கு இந்த அபாயம் குறைவு. மேஜைமேலுள்ள பொறியிலேயே கணக்கை வைத்திருப்போருக்கு, அன்றாடம் ஒரு பிரதி வேறிடத்தில் இருந்தே ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பிரதிக்குப் பதில் புதன்கிழமைப் பிரதி இருந்திருந்தால், மறுபடி ஏற்ற வேண்டியது ஒருநாள் வரவுதான்.

வேறு வழியே இல்லாதபோது என்ன செய்வது என்று காரியதரிசி கேட்டார். கேள்வி நியாயமானது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்ததை இப்பக்கத்தார் மறக்கவில்லை. தண்ணீர் வாசற்படி ஏறும்போது வளையம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அத்தகைய நேரத்தில் பெட்டியிலுள்ள பொத்தானை ஐந்தாறு நொடி விடாமல் அழுத்தினால் அணையும். வட்டில் விளக்கு மினுக்குவது நின்றபின் அழுத்துவது நலம். பிறகு சுவர் இணைப்பைக் கழற்றிப் பெட்டியை உயரத்தில் வைக்க வேண்டும். மறுமுறை தொடங்கும்போது வட்டைச் சோதிக்கச் சொல்லிவிட்டு, கடைசி ரசீதுகளை அடிக்கட்டையோடு ஒப்பிட வேண்டும்.

முதியவரின் வரவு, ரசீது தேதியிலேயே அன்று மாலை ஏற்றப்பட்டது. மற்ற மூவருக்கும் ஆள் அனுப்பினார்கள். வேலை முடிந்து அணைக்கச் சொன்னதும் எழுத்தரின் கை வழக்கம்போல் சுவரை நோக்கிப் போயிற்று. திரை இருண்டு, விசிறி நின்றபின்புதான் சுவிட்சைத் தட்டினார். பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.