கருவி நிற்கும் இடம்

2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 ஆம் திகதி, வெப்பம் மிகுந்த ஒரு வியாழக்கிழமை. பிற்பகல் 4 மணி கடந்து சில நிமிடங்களில் நியூயோர்க் நகரின் சுரங்க இரயில்கள் சென்ற இடத்திலேயே நின்றன. கனடாவில் டொரொன்ரோ நகரும் ஒளியிழந்தது. ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர்.

இத்தனைக்கும் வித்து விழுந்தது, நியூயோர்க்கிலிருந்து வெகுதூரத்தில், ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரை அடுத்த பகுதியிலாகும். மின்கம்பிகள் மரங்களில் பட்டதும், கட்டுப்பாட்டறையின் எச்சரிக்கை அமைப்பு ஊமையாகிப் போனதும் பலரும் அறிந்த காரணங்கள். அப்பகுதியின் மின்னழுத்தம் எளிதில் தளரக்கூடியது என்பதை உரியோர் முன்னரே ஆராய்ந்து உணரவில்லை என்றும் விசாரணைக் குழு கூறிற்று. இது அதிகம் பேசப்படுவதில்லை. அன்று பிற்பகல் 1.31 மணிக்கு, ஈரி ஏரிக்கரையிலுள்ள ஈஸ்ட்லேக் நிலையத்தின் 5 ஆம் இயந்திரம் நின்றுபோயிற்று. மின்னழுத்தத்தைத் தாங்கும் கொள்ளளவிகள் சிலவும் வழமையான சோதனைக்காக அன்று கழற்றி விடப்பட்டிருந்தன.

ஓர் இயந்திரம் நின்றால் வேறிடத்திலிருந்து மின்சாரம் பெறலாகாதா என வினவலாம். பெறலாம், ஆனால் ஒரு பாதியைத்தான் பெறலாம். விசிறி, குளிரூட்டி முதலியவற்றின் மோட்டார் இருவகை வலுவை வேண்டி நிற்கும். ஒன்று தண்டைச் சுழற்றி வேலை செய்து தீர்ந்துவிடும். மற்றையது காந்தப்புலத்தை எழுப்புவதற்கானது. மோட்டார் அதனை ஒரு செக்கனில் பலமுறை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். இதனைப் பொறியியலார் ரியாக்டிவ் வலு என்பர். முதலாவது நூற்றுக்கணக்கான மைல்கள் பயணஞ் செய்யும். இரண்டாவதோ நெடுந்தூரக் கம்பிகளிலேயே பெரிதும் விழுங்கப்பட்டுவிடும். தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்போர் வீதியின் நெடுகிலும் நிற்கலாம். சில்லுக்குக் கட்டை போடுபவன் சில்லின் அருகிலேயே நின்றாக வேண்டும். ரியாக்டிவ் வலுவைத் தரும் கருவியும் அத்தகையதே.

இக்கருவிகளுள் எளியதும் மலிவானதும் கொள்ளளவி. மின்தேக்கி எனவும் வழங்கப்படும். அதற்கொரு பெருங்குறையுண்டு. மின்னழுத்தம் நூற்றுக்குத் தொண்ணூறாகக் குறைந்தால், அதன் உதவி எண்பத்தொன்றாகக் குறையும். தேவை மிகும் வேளையில் கைதளரும் துணை அது. 1987 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் திகதி தோக்கியோவில், நண்பகல் உணவு வேளை முடிந்து குளிரூட்டிகள் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, இருந்த கொள்ளளவிகளை இணைத்தும் மின்னழுத்தம் சரிந்தது. ஏறத்தாழ 28 இலட்சம் வீடுகள் இருண்டன. கணப்பொழுதில் இயங்கும் மின்னணுக் கருவிகள் இக்குறையைப் பெரிதும் தீர்ப்பன. ஆயினும் விலை மிக அதிகம். எனவே சிலவற்றையே வாங்கலாம். அச்சிலவற்றை எங்கே நிறுத்துவது என்பதே வினா.

ஒரே வீதியில் நேராகச் செல்லும் மின்பாதையாயின் விடை எளிது. வீடுகள் சீராகப் பரந்திருந்தால், மொத்த ரியாக்டிவ் தேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தரும் கொள்ளளவியொன்றை, பாதையின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் அமைத்தல் வேண்டும். ரியாக்டிவ் வலுவின் ஓட்டத்தால் ஏற்படும் இழப்பில் ஒன்பதில் எட்டுப் பங்கு நீங்கிவிடும். 1950களிலேயே பொறியியலார் இவ்விதியைக் கணித்துவிட்டனர். கடைக்கோடியில் வைத்தால் என்னவெனில், அங்கே தேவை சிறிது. மிஞ்சியது கம்பியில் பின்னோக்கி ஓடி வீணே வெப்பமாகும்.

வலைபோற் பின்னிய பெருந்தொகுதியில் இவ்விதி பயன்படாது. 100 நிலையங்களுள் 10 இடங்களைத் தெரிவதற்கு ஏறத்தாழ 17 இலட்சம் கோடி வழிகளுள. கணினி ஒரு செக்கனுக்கு ஆயிரம் வழிகளைச் சோதித்தாலும் 550 ஆண்டுகள் வரை செல்லும். ஆதலின் தளரக்கூடிய இடங்களை முதலில் வடித்தெடுத்து, பின்னர் நல்ல அமைப்புகளை ஒன்றோடொன்று கலந்து, தீயவற்றைக் கழித்து, பரம்பரை பரம்பரையாகத் திருத்திச் செல்லும் கணிப்பு முறைகளைக் கையாளுகின்றனர். இதனால் கிடைப்பது தலைசிறந்த விடையென உறுதி கூற முடியாது. நல்ல விடையென்று மட்டும் கூறலாம்.

எதற்கு நல்லது என்பதிலேதான் சிக்கல் உள்ளது. அன்றாட இழப்பைக் குறைக்கும் இடமும், ஒரு பெரும் கம்பி அறுந்த நாளில் ஊரைக் காக்கும் இடமும் ஒன்றாயிருப்பதில்லை. முன்னையது ஆண்டுதோறும் கணக்கேட்டில் இலாபமாகத் தோன்றும். பின்னையது பல ஆண்டுகள் வாளாவிருப்பதுபோற் காணப்படும். கணக்கேட்டை மட்டும் நோக்குவோர் முன்னையதையே நாடுவர். ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு இயந்திரமும் இல்லையெனக் கொண்டு திரும்பத் திரும்பச் சோதித்த பின்னரே இடத்தை முடிவு செய்தல் தக்கது.

ஈஸ்ட்லேக் நிலையம் பிற்காலத்தில் நிலக்கரி எரிப்பதை நிறுத்திற்று. ஆயினும் அதன் இயந்திரங்களை அகற்றிவிடவில்லை. 2010களில் அவற்றை மாற்றியமைத்து, மின்சாரம் உற்பத்தி செய்யாது, வலைத்தொகுதியுடன் இணைந்து வெறுமனே சுழன்று ரியாக்டிவ் வலுவை மட்டும் தரும்படி செய்தனர். அவ்வாறு மாற்றப்பட்டவற்றுள், 2003 ஆம் ஆண்டில் நின்றுபோன அந்த 5 ஆம் இயந்திரமும் ஒன்று.